வீட்டுக் கணினிக்கு எந்த மெயில் புரோகிராம்? ஜிமெயில் நிறைந்துவிட்டது, பழைய பிஎஸ்டி 6 ஜிபி, நெட் தினம் 1.5 ஜிபி

ஓடம்போக்கி கேட்டது:

வணக்கம். ஊர் திருவாரூர் பக்கம். வீட்டு டெஸ்க்டாப்பில் அப்பா இத்தனை நாளும் விண்டோஸோடு வந்த மெயில் செயலியைத்தான் பயன்படுத்தினார். இப்போது அதைத் திறந்தால் புது அவுட்லுக்குக்குப் போகச் சொல்கிறது. மெயில் போகவும் இல்லை, வரவும் இல்லை. வேறு எதைப் போடலாம்?

கணினி விண்டோஸ் 10, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், எஸ்எஸ்டி கிடையாது. தனியாக நெட் இணைப்பு இல்லை, செல்போன் ஹாட்ஸ்பாட்தான், தினம் 1.5 ஜிபி. அப்பாவின் ஜிமெயிலில் 15 ஜிபிக்கு 14 ஜிபி நிறைந்துவிட்டதாகச் சிவப்பில் காட்டுகிறது. அம்மாவுக்குத் தனி ஜிமெயில், அதில் அதிகம் இல்லை. இது போக, பழைய கணினியிலிருந்து எடுத்து வைத்த அவுட்லுக் பிஎஸ்டி ஃபைல் ஒன்று, 6 ஜிபி, 2004 முதல் 2013 வரையிலான கடிதங்கள். அதில் பாதிக்குமேல் தமிழ்க் கடிதங்கள், யூனிகோடு பரவுவதற்கு முன் இருந்த ஃபாண்டுகளில் எழுதியவை.

அப்பாவுக்கு எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும். நெட் இல்லாத நேரத்திலும் பழைய மெயிலைத் தேடி எடுக்க முடிய வேண்டும். பயிர்க் காப்பீட்டு ரசீது, எல்ஐசி, பென்ஷன் கடிதம் எல்லாம் மெயிலில்தான் கிடக்கிறது. மழைக்காலத்தில் கரண்ட் போய்ப் போய் வந்தாலும் எதுவும் அழியக் கூடாது. காசு கொடுத்து வாங்குவதாக இருந்தாலும் சரி. எது சரிவரும்?

---

அரசலாறு எழுதியது:

புரோகிராம் எது என்பதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. மெயில் எங்கே இருக்க வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால் மீதி தானாக வந்துவிடும்.

வழி இரண்டு உண்டு. பாப் என்பது அறுத்த நெல்லை வீட்டுப் பத்தாயத்தில் கொண்டுவந்து கொட்டுவது. மெயில் உங்கள் ஹார்ட் டிஸ்குக்கு வந்துவிடும். சர்வரில் விட்டுவைக்கச் சொல்லாவிட்டால் அங்கே காலியாகிவிடும். ஐமேப்பில் மெயில் சர்வரிலேயே இருக்கும், கணினியும் செல்போனும் அதைத்தான் காட்டும், ஒன்றில் அழித்தால் எல்லாவற்றிலும் போய்விடும். அப்பா செல்போனிலும் மெயில் பார்ப்பார் என்றால் பாப் ஒத்துவராது. ஐமேப் மட்டும் போதும் என்றால் 15 ஜிபி நிறைந்த பிரச்சினை அப்படியே நிற்கும்.

ஆகவே உங்கள் வீட்டுக்கு இரண்டும் கலந்த ஏற்பாடுதான். அண்மைய ஒரு வருட மெயில் ஐமேப்பில் இருக்கட்டும். அதற்கு முந்தையது கணினியிலேயே லோக்கல் ஃபோல்டரில் இருக்கட்டும், அதற்கு ஒரு நகல் வெளி ஹார்ட் டிஸ்கில். இதைச் செய்ய ஏற்ற புரோகிராம் தண்டர்பேர்ட். மொசில்லா அறக்கட்டளையின் துணை நிறுவனம் நடத்துவது, இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி ஓடும். பின்னால் கணினியை மாற்றினாலும், மெயிலும் அமைப்புகளும் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டரை அப்படியே தூக்கிக்கொண்டு போகலாம்.

மற்றவற்றை ஏன் தள்ளுகிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் மெயில் செயலிக்கு 2024 டிசம்பர் 31-ஓடு ஆதரவு முடிந்துவிட்டது. அதைத் திரும்ப ஓடவைக்கும் வழி தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். புது அவுட்லுக் இலவசம்தான். ஆனால் ஜிமெயில் போன்ற வெளிக் கணக்கைச் சேர்த்தால் அந்த மெயில் மைக்ரோசாஃப்ட் சர்வர் வழியாகத்தான் ஒத்திசைக்கும், சேர்க்கும்போதே அனுமதி கேட்கும். உள்ளே அது ஒரு வலைப்பக்கம் போலத்தான் ஓடுகிறது, 4 ஜிபி ராமில் கனக்கும். பழைய பாணி அவுட்லுக் நல்ல புரோகிராம், உங்கள் பிஎஸ்டியை நேராகத் திறக்கும், ஆனால் ஆஃபீஸ் உரிமம் வாங்க வேண்டும். வீட்டு மெயிலுக்காக மட்டும் அந்தச் செலவு தேவையில்லை. ஈஎம் கிளையன்ட் பார்க்க அழகு, இலவச உரிமத்தில் 2 கணக்குவரைதான். நாளைக்கு மூன்றாவது கணக்கு சேர்ந்தால் அங்கே முட்டும்.

இப்போது அமைப்பு. நிறுவியதும் பெயர், ஜிமெயில் முகவரி கொடுத்தால் சர்வர் விவரத்தைத் தானே கண்டுபிடிக்கும். உள்வரவு ஐமேப்.ஜிமெயில்.காம், போர்ட் 993, எஸ்எஸ்எல். வெளிச்செல்வது எஸ்எம்டிபி.ஜிமெயில்.காம், போர்ட் 465. அங்கீகார முறை ஓஆத்2 (கூகுளின் சொந்த உள்நுழைவுப் பக்கம் வழியாக அனுமதி வாங்கும் முறை) என்று இருக்க வேண்டும். வெறும் பாஸ்வேர்டைக் கேட்டு உள்ளே விடும் பழைய முறையைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30-லிருந்து நிறுத்திவிட்டது. பழைய வழிகாட்டிகளைப் பார்த்து 'நார்மல் பாஸ்வேர்ட்' என்று வைத்தால் எத்தனை முறை சரியாகத் தட்டினாலும் தவறு என்றுதான் வரும்.

அடுத்ததை மறந்தால் முதல் நாளே உங்கள் 1.5 ஜிபி காலி. தண்டர்பேர்ட் இயல்பாகவே எல்லா ஃபோல்டரின் எல்லா மெயிலையும் இறக்கப் பார்க்கும். கணக்கைச் சேர்த்ததும் நெட்டை அணைத்துவிட்டு, அக்கவுண்ட் செட்டிங்ஸில் 'சிங்க்ரனைசேஷன் அண்ட் ஸ்டோரேஜ்' போங்கள். அங்கே 'அண்மைய இத்தனை நாள் மட்டும்' என்பதைத் தேர்ந்து முதலில் 30 நாள் வையுங்கள், ஓடுவதைப் பார்த்து 365 ஆக்கலாம். அதே பக்கத்தில் உள்ள 'அட்வான்ஸ்டு' பொத்தானில் 'ஆல் மெயில்' ஃபோல்டரின் டிக்கை எடுத்துவிடுங்கள். ஜிமெயிலில் ஃபோல்டர் என்பது உண்மையில் லேபிள். இன்பாக்ஸில் இருக்கும் ஒவ்வொரு மெயிலும் ஆல் மெயிலிலும் தெரியும், இரண்டையும் இறக்கினால் ஒரே மெயில் இருமுறை இறங்கும். நாள் வரம்பு வைத்தாலும் தலைப்பு வரிகள் எல்லா மெயிலுக்கும் இறங்கத்தான் செய்யும், அது சிறிதுதான்.

விண்டோஸ் நெட்வொர்க் அமைப்பில் ஹாட்ஸ்பாட்டை 'மீட்டர்டு' (டேட்டா அளவுள்ள இணைப்பு) என்று குறித்துவிடுங்கள். இல்லாவிட்டால் மெயிலுக்கு முன்னால் விண்டோஸ் அப்டேட் டேட்டாவைத் தின்றுவிடும்.

எழுத்துக்கு: மேல் வலது மூலை மெனுவிலேயே எழுத்தளவும் அடர்த்தியும் இருக்கின்றன. அடர்த்தியை 'ரிலாக்ஸ்டு' ஆக்கினால் வரிகளுக்கு இடையே இடம் விடும், வயதானவர்கள் தவறான மெயிலைத் தட்டுவது குறையும். மெயில் உள்ளடக்கத்தின் எழுத்தைப் பெரிதாக்க, செட்டிங்ஸில் ஃபாண்ட் பகுதியில் 'அட்வான்ஸ்டு' போய், மேலே உள்ள பட்டியலில் தமிழைத் தேர்ந்து, நிர்மலா யூஐ, அளவு 20 என்று வையுங்கள். லத்தீன் எழுத்துக்கும் இதேபோல் தனியாக வைக்க வேண்டும். ஒன்றை மட்டும் மாற்றினால் தமிழ் பெரிதாகவும் ஆங்கிலம் பொடியாகவும் தெரியும்.

---

குடமுருட்டி எழுதியது:

அரசலாறு சார் சொன்னது சரிதான், ஆனால் அதற்கு முன் ஒன்று பார்க்க வேண்டும். அந்த 14 ஜிபி மெயில்தானா?

15 ஜிபி என்பது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றுக்கும் பொது. ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப் முன்பு இந்தக் கணக்கில் வராது. 2023 கடைசியிலிருந்து படிப்படியாக அதையும் சேர்த்துவிட்டார்கள். காலை வணக்க வீடியோ, கல்யாண வீடியோ என்று குடும்பக் குழுக்களில் வருவதெல்லாம் பேக்கப்பில் போய் உட்கார்ந்து மெயிலை அடைக்கும். கூகுள் கணக்கின் ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்தால் எதற்கு எத்தனை ஜிபி என்று பிரித்துக் காட்டும். மெயில் 4 ஜிபி, வாட்ஸ்அப் 7 ஜிபி என்று இருந்தால், வாட்ஸ்அப்பின் பேக்கப் அமைப்பில் 'வீடியோவையும் சேர்' என்பதை அணைத்தாலே பிரச்சினையில் பெரும்பாதி தீர்ந்தது. இடம் முழுக்க நிறைந்துவிட்டால் வரும் மெயில் அனுப்பியவருக்கே திரும்பும். வங்கி ஓடிபி மெயிலில் வருகிற வீடுகளில் இது பெரிய தொல்லை.

மெயில்தான் இடத்தை அடைக்கிறது என்றால், பிரௌசரில் ஜிமெயில் தேடல் கட்டத்தில் ஆங்கில எழுத்தில் லார்ஜர்:10எம் என்று தட்டுங்கள். 10 எம்பிக்கு மேற்பட்ட மெயில் மட்டும் வரும். பெரும்பாலும் சில பத்து மெயிலே பல நூறு எம்பியை அடைத்துக்கொண்டிருக்கும்.

தண்டர்பேர்டிலேயே அழிப்பவர்கள் ஒரு இடத்தில் சிக்குவார்கள். ஐமேப் வழியாக ஒரு மெயிலைக் குப்பைக்கு நகர்த்தாமல் வெறுமனே இன்பாக்ஸிலிருந்து நீக்கினால் ஜிமெயிலின் இயல்பு அமைப்பு அதை அழிக்காது, லேபிளை எடுத்துவிட்டு ஆல் மெயிலில் வைத்துக்கொள்ளும். மெயிலைத் தூக்கி லோக்கல் ஃபோல்டரில் போட்டாலும் இதே கதைதான்: இங்கே வந்துவிட்டது, அங்கே இடம் குறையவில்லை. உண்மையில் இடம் குறைய வேண்டுமானால் மெயில் ஜிமெயிலின் 'பின்' (குப்பைத் தொட்டி) ஃபோல்டருக்குப் போக வேண்டும். அங்கே 30 நாள் இருந்து தானாக அழியும், அவசரமானால் நாமே காலி செய்யலாம். அழிக்கும் வேலையை மட்டும் பிரௌசரில் வைத்துக்கொள்வது எனக்குச் சரியாகப் படுகிறது. பிஃபோர்:2018/01/01 என்று தேடினால் அதற்கு முந்தையது அத்தனையும் வரும். கணினியில் நகல் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் கையை வைக்க வேண்டும்.

புரோகிராமே வேண்டாம், பிரௌசரே போதும் என்று நினைக்கிறவர்களுக்கும் வழி உண்டு. குரோமில் ஜிமெயில் செட்டிங்ஸ், ஆஃப்லைன் பகுதியில் 7, 30, 90 நாள் என்று மூன்று தேர்வு. அம்மாவின் கணக்குக்கு இதுவே தாராளம். அப்பாவுக்குப் போதாது. போன சம்பா காப்பீட்டு ரசீதை நெட் இல்லாமல் தேட 90 நாள் எட்டாது.

---

வெண்ணாறு எழுதியது:

பிஎஸ்டி பத்தி யாரும் சொல்லல, அதை நான் சொல்றேன்.

தண்டர்பேர்ட் பிஎஸ்டி ஃபைலை நேரா படிக்காது. 'இம்போர்ட்' மெனுவுல அவுட்லுக்னு இருக்கும், அதைப் பார்த்துட்டு நிறைய பேர் ஏமாந்து போறாங்க. அந்த வழிக்கு அதே மெஷின்ல பழைய பாணி அவுட்லுக் நிறுவி இருக்கணும், அதுதான் டிஃபால்ட் மெயில் புரோகிராமா இருக்கணும், அவுட்லுக் 32 பிட்னா தண்டர்பேர்டும் 32 பிட்டா இருக்கணும். இதுல ஒண்ணு பிசகினாலும் எதையும் கண்டுபிடிக்கலன்னு சொல்லிடும். தெரிஞ்சவங்ககிட்ட அவுட்லுக் இருக்கிற கணினி இருந்தா இந்த வழி சுலபம்.

இல்லன்னா லினக்ஸ் வழி. 8 ஜிபி பென்டிரைவ்ல உபுண்டு அல்லது மிண்ட் லைவ் போடுங்க. ஹார்ட் டிஸ்க்ல எதையும் நிறுவ வேண்டாம், 'ட்ரை'ன்னு குடுத்து உள்ளே போனா போதும். பிஎஸ்டி-யூட்டில்ஸ்னு ஒரு சின்ன பேக்கேஜ், அதை நிறுவினா ரீட்பிஎஸ்டின்னு ஒரு கமாண்ட் வரும். அதோட ஆர் தேர்வைச் சேர்த்தா ஃபோல்டர் அடுக்கு அப்படியே இருக்கும், ஓ தேர்வுக்குப் பின்னால எந்த இடத்துல எழுதணும்னு குடுக்கணும். லைவ்ல இருக்கும்போது எழுதுற இடம் ராம்ல இருக்கும், 6 ஜிபி அதுல கொள்ளாது. அதனால வெளி ஹார்ட் டிஸ்க்கைத்தான் காட்டணும். முடிஞ்சதும் ஃபோல்டருக்கு ஒரு எம்பாக்ஸ் ஃபைல் (மெயில்களை ஒண்ணுக்குப் பின்னால ஒண்ணா வச்சிருக்கிற ஃபைல்) வீதம் கிடைக்கும்.

மூல பிஎஸ்டி மேல நேரா வேலை செய்யாதீங்க. ஒரு நகல் எடுத்து அதுல செய்யுங்க. ரீட்பிஎஸ்டி படிக்கத்தான் செய்யும், எழுதாது, இருந்தாலும் பத்து வருஷக் கடிதம்.

அப்புறம் விண்டோஸ்ல தண்டர்பேர்ட் ஆட்-ஆன் பக்கத்துல 'இம்போர்ட் எக்ஸ்போர்ட் டூல்ஸ் என்ஜி'ன்னு தேடி நிறுவுங்க. லோக்கல் ஃபோல்டர் மேல ரைட் கிளிக், எம்பாக்ஸ் இம்போர்ட், அவ்வளவுதான். நெட் சுத்தமா தேவையில்ல. அந்த 6 ஜிபியை ஜிமெயிலுக்கு மேலே ஏத்தி வச்சுக்கலாம்னு மட்டும் நினைக்காதீங்க. ஏற்கெனவே அங்கே இடம் இல்ல.

அப்பாவோட 14 ஜிபில மெயில்தான் நிறையன்னு தெரிஞ்சா, ஹாட்ஸ்பாட்ல இறக்கினா நாளைக்கு 1 ஜிபி வீதம் ரெண்டு வாரம் ஆகும். ஃபைபர் இருக்கிற சொந்தக்காரங்க வீட்டுல 'கூகுள் டேக்அவுட்' (கணக்குல இருக்கிறதை மொத்தமா இறக்கிக்கிற கூகுள் வசதி) வழியா எடுத்துட்டு வர்றது வேகம். அதுவும் எம்பாக்ஸாத்தான் வரும், அதே ஆட்-ஆன் படிச்சுக்கும். தயாரானதும் வர்ற லிங்க் ஒரு வாரம்தான் செல்லும், பார்த்துக்குங்க.

விண்டோஸ் 10-க்கு இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சுபோச்சு. பதிவு செஞ்சுக்கிட்டா வீட்டுக் கணினிக்குப் பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான். அதனால எப்படியும் சீக்கிரம் லினக்ஸோ புதுக் கணினியோ பார்க்கணும், தண்டர்பேர்ட் எடுத்தா அப்ப கஷ்டம் இல்ல. யாராவது விண்டோஸ் 7, 8.1-ல இதைப் படிச்சுட்டு முயற்சி செஞ்சா, அதுல ஓடுற கடைசி தண்டர்பேர்ட் 115.

பள்ளிக்கூடத்துல அரசு குடுத்த பழைய மடிக்கணினி 2 ஜிபி ராமோட வீட்டுக்கு வீடு கிடக்குது. அதுல தண்டர்பேர்ட் தவழும். லினக்ஸ் போட்டு கிளாஸ் மெயில்ங்கிற இலகுவான மெயில் புரோகிராம் வச்சா விறுவிறுன்னு ஓடும். மெயிலுக்கு ஒரு ஃபைல் வீதம் வைக்கிறதால ஒண்ணு கெட்டாலும் மத்தது தப்பிக்கும். ஆனா கலர், தடித்த எழுத்து எல்லாம் வச்சு எழுத முடியாது, வெறும் எழுத்துதான் போகும். அதுல ஜிமெயிலுக்கு ஆப் பாஸ்வேர்டுதான் சுலபம்: கணக்குல இரண்டு படி சரிபார்ப்பை ஆன் செஞ்சா 16 எழுத்துல ஒண்ணு உருவாக்கித் தரும், இடைவெளி இல்லாம தட்டணும்.

---

நாகை தட்டச்சு எழுதியது:

பழைய தமிழ்க் கடிதங்களைப் பற்றி. இதில் மூன்று விதமான கோளாறு உண்டு, திரையில் என்ன தெரிகிறது என்பதை வைத்தே எது என்று சொல்லிவிடலாம்.

தலையில் சாய்கோடு போட்ட சின்ன ஏ-யும், வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியும் மாறி மாறி வந்துகொண்டே இருந்தால் அது யூனிகோடு தமிழ்தான். யூடிஎஃப்-8 (யூனிகோடைப் பைட்டுகளாக எழுதும் முறை) என்று சொல்லாமல் அனுப்பியதால் புரோகிராம் லத்தீனாகப் படிக்கிறது. யூடிஎஃப்-8-ல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட். 'தமிழ்' என்ற சொல்லே த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என 5 குறி, 15 பைட். அந்த மும்மூன்றில் முதல் பைட் எப்போதும் ஒன்றே என்பதால்தான் அதே எழுத்து திரும்பத் திரும்பத் தெரிகிறது. தண்டர்பேர்டில் 'வியூ' மெனுவில் 'ரிப்பேர் டெக்ஸ்ட் என்கோடிங்' தட்டினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

கால், அரை, முக்கால் என்ற பின்னக் குறிகளும் கொம்பு வைத்த லத்தீன் எழுத்துகளும் கலந்து வந்தால் அது டிஸ்கி, யூனிகோடுக்கு முந்தைய ஒரு தமிழ் எழுத்துக் குறியீடு. அதில் கால் என்றால் ட, அரை என்றால் ண, முக்கால் என்றால் த. 2000-களின் தொடக்கத்து மடற்குழு அஞ்சல்கள் பெரும்பாலும் இதில்தான்.

வெறும் ஆங்கில எழுத்தும் நிறுத்தக்குறியும் மட்டும் வந்தால் பாமினி வகைப் பழைய ஃபாண்ட். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று தொடர்ந்து தெரிந்தால் அது பாமினியில் 'தமிழ்'. அலுவலகத்திலிருந்து வந்த பழைய கடிதமானால் வானவில் அவ்வையார் என்ற ஃபாண்டாகவும் இருக்கலாம். தமிழ்நாடு அரசு 2010-ல் யூனிகோடைத் தரமாக அறிவித்த பின்னும் பல இடங்களில் பழைய ஃபாண்டிலேயே தட்டிக்கொண்டிருந்தார்கள்.

டிஸ்கியையும் பாமினியையும் எந்த மெயில் புரோகிராமும் தானாக யூனிகோடாக மாற்றாது. 'தண்டர்பேர்டில் தமிழ் வரவில்லை' என்று புரோகிராமை மாற்றிக்கொண்டே போவதில் பயனில்லை. அந்த ஃபாண்டை நிறுவினால் கண்ணுக்குத் தெரியும், தேடலில் மட்டும் சிக்காது. 'காப்பீடு' என்று யூனிகோடில் தட்டினால் பாமினியில் கிடக்கும் கடிதம் எப்படி வரும்? முக்கியமான கடிதங்களை மட்டும் எடுத்து, உள்ளடக்கத்தை நகலெடுத்து, என்எச்எம் கன்வர்ட்டரில் எந்த ஃபாண்ட் என்று தேர்ந்து மாற்றி, யூனிகோடு உரையாகச் சேமியுங்கள். மூல மெயிலை அழிக்க வேண்டாம். தேதியும் அனுப்பியவர் முகவரியும் அதில்தான் இருக்கின்றன.

புதிதாக எழுத: விண்டோஸ் 10-இலேயே தமிழ்99 விசைப்பலகை இருக்கிறது, மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்தால் போதும். அப்பா பழைய டைப்ரைட்டர் பழக்கம் உள்ளவரானால் என்எச்எம் ரைட்டரில் அந்த அமைப்பும் உண்டு.

---

ஓடம்போக்கி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. குடமுருட்டி அண்ணா சொன்னபடி பார்த்தேன், வாட்ஸ்அப்தான் 8 ஜிபி. தண்டர்பேர்ட் நிறுவியாகிவிட்டது, அம்மாவின் கணக்கு உடனே வந்தது. மூன்று சந்தேகம்.

அப்பாவின் கணக்கில் கூகுள் உள்நுழைவுக் கட்டம் வருகிறது, பாஸ்வேர்டும் போனில் 'ஆம்' என்பதும் கொடுத்த பிறகு மறுபடி முதலிலிருந்து கேட்கிறது. இம்போர்ட் செய்த பழைய கடித ஃபோல்டரைப் பென்டிரைவில் நகல் எடுக்கப் போனால் 'ஃபைல் மிகப் பெரிது' என்கிறது, ஆனால் 32 ஜிபி பென்டிரைவ் காலியாகத்தான் இருக்கிறது. மூன்றாவது, நேற்று மெயில் இறங்கிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போய், இன்று இன்பாக்ஸைத் திறந்தால் ஒரு மெயிலைத் தட்டினால் வேறொரு மெயில் திறக்கிறது. மெயில் கெட்டுவிட்டதா?

---

அரசலாறு எழுதியது:

மூன்றாவதிலிருந்து தொடங்குகிறேன், கவலை அதில்தான் இருக்கும். மெயில் கெடவில்லை. தண்டர்பேர்ட் ஒவ்வொரு ஃபோல்டருக்கும் இரண்டு ஃபைல் வைக்கிறது. ஒன்றில் மெயில்கள் ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அதே பெயரில் எம்எஸ்எஃப் என்ற நீட்சியோடு இருக்கும் மற்றொன்று எந்த மெயில் எந்த இடத்தில் தொடங்குகிறது என்ற அட்டவணை. கரண்ட் போனதில் அட்டவணை பாதியில் நின்றிருக்கிறது. ஃபோல்டர் மேல் ரைட் கிளிக், 'ப்ராப்பர்ட்டீஸ்', 'ரிப்பேர் ஃபோல்டர்'. அட்டவணையைப் புதிதாகக் கட்டிக்கொள்ளும். ஐமேப் ஃபோல்டரில் இதைச் செய்தால் மெயில்களைத் திரும்ப இறக்கும், டேட்டா இருக்கும் நேரமாகப் பார்த்துச் செய்யுங்கள். லோக்கல் ஃபோல்டருக்கு நெட் வேண்டாம்.

கரண்ட் விஷயத்தில் உண்மையான ஆபத்து 'காம்பாக்ட்' நடக்கும்போது. மெயிலை அழித்தாலும் அந்த ஃபைல் உடனே சுருங்காது; அழிந்ததாகக் குறி மட்டும் போடும். காம்பாக்ட் செய்யும்போதுதான் மீதி மெயிலை வேறு ஃபைலில் எழுதி இடத்தை மாற்றும். எஸ்எஸ்டி இல்லாத கணினியில் 3 ஜிபி ஃபோல்டருக்கு நேரம் பிடிக்கும், அவ்வளவு காலி இடமும் வேண்டும். பாதியில் நின்றால் என்எஸ்டிஎம்பி என்ற பெயரில் பெரிய ஃபைல்கள் ஃபோல்டரில் மிஞ்சிக் கிடக்கும். அதனால் செட்டிங்ஸில் தானாகக் காம்பாக்ட் செய்வதை அணைத்துவிட்டு, வானம் தெளிவாக இருக்கும் ஒரு நாளில் நீங்களே செய்யுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் வேண்டாம். கஜா 2018 நவம்பர் 16 விடியலில் கரை ஏறிய பிறகு பல ஊர்களில் வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. அந்த மாதிரி நேரத்தில் பாதியில் நின்ற வேலை எது என்பதே நினைவில் இருக்காது.

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால் பின்பக்கம் யுபிஎஸ் என்று மாற்றும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். சாதாரண நிலையில் மாறும் இடைவெளி டெஸ்க்டாப்புக்கு அதிகம், ரீஸ்டார்ட் ஆகிவிடும். இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று போதும். உள்ளே 12 வோல்ட் 7 ஏஎச் பேட்டரி, இரண்டு மூன்று வருடத்தில் மாற்ற வேண்டியிருக்கும். ஒழுங்காக ஷட்டவுன் செய்ய நேரம் கிடைத்தால் அதுவே போதும்.

உள்நுழைவு திரும்பத் திரும்பக் கேட்பதற்குப் பெரும்பாலும் குக்கீதான் காரணம். பிரௌசரில் இல்லை, தண்டர்பேர்டின் செட்டிங்ஸிலேயே 'பிரைவசி அண்ட் செக்யூரிட்டி' பகுதியில் 'தளங்களின் குக்கீகளை ஏற்கவும்' என்பது டிக் ஆகியிருக்க வேண்டும். அது சரியாக இருந்தும் கேட்டால், அதே பகுதியில் சேமித்த பாஸ்வேர்டுகளைத் திறந்து கூகுள் தொடர்பானவற்றை மட்டும் நீக்கிவிட்டு மறுபடி முயலுங்கள். ஆன்டிவைரஸ் மெயிலை இடைமறித்துச் சோதிப்பதாலும் இணைப்பு தடைபடலாம்.

ஆன்டிவைரஸ் என்றதும் இன்னொன்று. இன்பாக்ஸ் முழுவதும் ஒரே ஃபைல் என்பதால், ஒரு மெயிலில் வைரஸ் இருந்தாலும் சில ஆன்டிவைரஸ்கள் இன்பாக்ஸ் ஃபைலையே தூக்கித் தனியே அடைத்துவிடும். ப்ரொஃபைல் ஃபோல்டரை ஸ்கேனிலிருந்து விலக்கு என்று அதில் குறித்துவிடுங்கள்.

---

வெண்ணாறு எழுதியது:

பென்டிரைவ் விஷயம்: அது எஃப்ஏடி32-ல ஃபார்மட் ஆகியிருக்கும். அதுல ஒரு ஃபைல் 4 ஜிபிக்கு மேல இருக்கக் கூடாது, டிரைவ் எவ்வளவு காலியா இருந்தாலும். எக்ஸ்எஃப்ஏடி அல்லது என்டிஎஃப்எஸ்ஸா ஃபார்மட் பண்ணுங்க, உள்ளே இருக்கிறது அழிஞ்சிடும், பார்த்துக்குங்க. அதைவிட, அந்தப் பெரிய ஃபோல்டரை வருஷவாரியா சின்னச் சின்னதா பிரிச்சு, ஒவ்வொண்ணும் 2 ஜிபிக்குள்ள வச்சீங்கன்னா நகல் எடுக்கவும் சுலபம், அரசலாறு சொன்ன காம்பாக்ட்டும் சீக்கிரம் முடியும். பழசை ஒரே நகலா பென்டிரைவ்ல மட்டும் நம்பி வைக்காதீங்க, வெளி ஹார்ட் டிஸ்க்கும் வேணும்.

நகல் எடுக்க வேண்டிய இடம்: 'ஹெல்ப்' மெனு, 'மோர் டிரபிள்ஷூட்டிங் இன்ஃபர்மேஷன்', அதுல 'ப்ரொஃபைல் ஃபோல்டர்' வரியில 'ஓப்பன்'. அது ஆப்டேட்டாவுக்குள்ள இருக்கு, சாதாரணமா கண்ணுக்குத் தெரியாத இடம். கணினியை ஃபார்மட் பண்றவங்க டெஸ்க்டாப், டாக்குமென்ட்ஸ் மட்டும் எடுத்துட்டு 'எல்லாம் எடுத்தாச்சு'ன்னு சொல்வாங்க, மெயில் அதுல இருக்காது. சர்வீசுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி நீங்களே எடுத்துடுங்க. 'டூல்ஸ்' மெனுவுல எக்ஸ்போர்ட்டும் இருக்கு, ஆனா அது 2 ஜிபிக்கு மேல போகாது, உங்களுக்கு உதவாது.

நகல் எடுக்கும்போது தண்டர்பேர்டை முழுசா மூடணும். திறந்திருக்கும்போது எடுத்த நகல்ல அட்டவணை ஒண்ணும் மெயில் ஒண்ணுமா இருக்கும். எடுத்ததுக்கப்புறம் அந்த வெளி டிஸ்க்கை வேற ஒரு கணினியில செருகி, அங்கே தண்டர்பேர்ட் போட்டு, அதே ஆட்-ஆன் வழியா ஒரு வருஷத்தோட ஃபைலை மட்டும் இம்போர்ட் பண்ணிப் பாருங்க. மெயில் எண்ணிக்கை ரெண்டு பக்கமும் ஒண்ணா இருக்கணும், இணைப்போட இருக்கிற ஒரு மெயில் முழுசாத் திறக்கணும். அது ஆனதுக்கப்புறம் ஜிமெயில்ல பழசை அழிங்க.

---

குடமுருட்டி எழுதியது:

அழித்த பிறகு 'பின்'னை உடனே காலி செய்ய வேண்டாம் தம்பி. 30 நாள் அப்படியே கிடக்கட்டும். வாட்ஸ்அப் 8 ஜிபியில் வீடியோவைக் குறைத்தாலே மெயில் வர இடம் கிடைத்துவிடும், அதனால் அவசரம் இல்லை. வீடியோவை அணைத்த பிறகு வாட்ஸ்அப்பில் 'பேக்கப்' பொத்தானை ஒரு முறை வைஃபையில் தட்டி, புதிய பேக்கப் முழுசாக முடியவிடுங்கள். அது முடிந்து பழையதன் மேல் எழுதும்வரை ஸ்டோரேஜ் பக்கத்தில் அதே 8 ஜிபிதான் காட்டும்.